ஜீப்பை உயர்த்துவது என்றால் எதை உயர்த்துவது? பெரிய டயர், சஸ்பென்ஷன் பற்றி ஓர் எளிய விளக்கம்

பஞ்சிகாவத்தையில் எந்த உதிரிப்பாகக் கடைக்கு முன்னால் நின்றாலும் இந்தக் கதை காதில் விழும். "ரெண்டு இஞ்ச் லிஃப்ட் போட்டு, பெரிய டயர் ஒண்டு மாட்டினால் எங்க வேண்டுமானாலும் போகலாம்." 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதி சில வருடங்களுக்கு நிறுத்தப்பட்ட பிறகு, இருக்கிற ஜீப்பையே ஏதாவது செய்து பார்க்கும் ஆசை கூடிவிட்டது என்று எனக்குப் படுகிறது. ஆசையில் பிழையில்லை. ஆனால் "உயர்த்துவது" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு வேலைகள் கலந்து கிடக்கின்றன. அதைப் பிரித்துப் பார்க்காமல் காசைக் கொட்டுகிறவர்கள்தான் அதிகம்.

வெள்ளவத்தையில் இருக்கும் என் நண்பன் ஒருவனிடம் 1.5 லீற்றர் எஞ்சின் சுசுக்கி ஜிம்னி ஒன்று இருக்கிறது. போன வருடம் 50 மில்லிமீற்றர் லிஃப்ட் போட்டுக்கொண்டு வந்தான். வாசலில் நிறுத்திவிட்டு, "இப்ப பார் மச்சான், கல்லு ஒண்டும் முட்டாது" என்றான். நான் உள்ளே போய்த் தையல் மெஷின் லாச்சியில் கிடந்த அளவு நாடாவை எடுத்து வந்து வாகனத்தின் கீழே படுத்தேன். பின் அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்குகிறதே, அதன் அடியிலிருந்து தரைக்கு 21 சென்ரிமீற்றர். லிஃப்ட் போடுவதற்கு முன்பும் அதே 21தான். அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

சாரமும் செருப்பும்

மழைக்குக் கொழும்பு ஒழுங்கைகளில் வெள்ளம் ஏறும்போது நாம் என்ன செய்கிறோம்? சாரத்தை மடித்துக் கட்டுகிறோம். துணி நனையாது. ஆனால் கால் தண்ணீருக்குள்தான் இருக்கிறது. காலும் மேலே வரவேண்டுமென்றால் தடித்த அடியுள்ள செருப்புப் போட வேண்டும்.

சஸ்பென்ஷனை, அதாவது சில்லுக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள ஸ்பிரிங் அமைப்பை, உயர்த்துவது சாரத்தை மடித்துக் கட்டும் வேலை. பெரிய டயர், தடித்த செருப்பு.

இதற்குக் காரணம் அச்சின் அமைப்பு. ஜிம்னி, பழைய டிஃபென்டர், நம் ஊரில் இன்னும் ஓடித்திரியும் மிட்சுபிஷி 4 டி.ஆர். 5 ஜீப் போன்றவற்றில் இடது சில்லையும் வலது சில்லையும் ஒரே கனத்த இரும்புக் குழாய் இணைக்கிறது. இதை முழு அச்சு என்று வைத்துக்கொள்வோம். அந்த அச்சில் உருண்டையாகப் புடைத்து நிற்கும் பாகம் டிஃபரன்ஷியல். எஞ்சினிலிருந்து வரும் சுழற்சியை இரண்டு சில்லுகளுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சில்லுக் கூடு அது. பெரும்பாலும் வாகனத்தின் மிகத் தாழ்ந்த இடமும் அதுதான். ஸ்பிரிங் அச்சில்தான் பொருந்தியிருக்கிறது. ஸ்பிரிங்கை எவ்வளவு உயரமாக்கினாலும் அது தாங்கும் சட்டமும் (சேஸி), சட்டத்தின் மேல் இருக்கும் வாகனக் கூடும்தான் உயரும். அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். அச்சை மேலே தூக்குவது டயரின் ஆரம் மட்டுமே.

பஜேரோ போன்றவற்றின் முன்பக்கம் வேறு மாதிரி. அங்கே ஒவ்வொரு சில்லும் தனித்தனிக் கையில் தொங்குகிறது, டிஃபரன்ஷியல் சட்டத்தோடு பொருத்தப்பட்டிருக்கிறது. அதனால் லிஃப்ட் போட்டால் முன் டிஃபரன்ஷியலும் சேர்ந்து உயரும். பின்னால் முழு அச்சு உள்ள மொடல்களில் பின்பக்கக் கதை மேலே சொன்னதுதான்.

அப்படியானால் லிஃப்ட் வீணா? இல்லை. வயிற்றுப்பகுதி உயர்வதால் மேட்டின் நடுவில் வாகனம் குந்திக்கொள்வது குறையும். பம்பர் உயர்வதால் செங்குத்தான மேட்டை நெருங்கும்போது மூக்கு இடிக்காது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, பெரிய டயருக்கு இடம் கிடைக்கும். அதாவது லிஃப்ட் பெரும்பாலும் டயருக்குச் செய்யும் சேவகம்.

டயரில் எழுதியிருப்பது என்ன

நண்பனின் ஜிம்னி 195/80 ஆர் 15 என்ற டயரோடு வந்தது. முதல் இலக்கம் டயரின் அகலம், மில்லிமீற்றரில். இரண்டாவது, பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை வீதம் என்பது. 195இல் 80 வீதம் 156 மில்லிமீற்றர். கடைசி இலக்கம் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 15 அங்குலம் என்பது 381 மில்லிமீற்றர். பக்கச்சுவர் மேலும் கீழும் இருப்பதால் இரண்டு தடவை கூட்டினால் 693 மில்லிமீற்றர் வரும். அதுதான் டயரின் முழு உயரம்.

அவன் மாற்ற நினைத்தது 235/75 ஆர் 15. இதே கணக்கைப் போட்டால் ஏறக்குறைய 733 வரும். நாற்பது மில்லிமீற்றர் உயரமான டயர். ஆனால் அச்சு உயர்வது அதில் பாதிதான், ஏனென்றால் மற்றப் பாதி அச்சுக்கு மேலே போய்விடுகிறது. ஆக, இத்தனை பாட்டுக்கும் டிஃபரன்ஷியலுக்குக் கிடைப்பது 2 சென்ரிமீற்றர். 'அவ்வளவுதானா' என்று கேட்பீர்கள். அவ்வளவுதான். ஆனால் கல்லுப் பாதையில் 2 சென்ரிமீற்றர் என்பது சிரிக்கக்கூடிய அளவுமில்லை.

வாங்கும்போது அளவை மட்டும் பார்க்கக்கூடாது. பக்கச்சுவரில் நான்கு இலக்கம் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. பாவித்த டயர் மலிவாகக் கிடைக்கிறது என்று ஓடுகிறவர்கள் முதலில் இதைத்தான் குனிந்து பார்க்க வேண்டும். பூ, அதாவது டயரின் வெட்டு, ஆழமாக இருக்கும், ரப்பர் கிழடாகி இருக்கும். அடுத்தது டயரின் இனம். எம்.டி. எனப்படும் சேற்று டயர் பார்க்கக் கம்பீரம்தான். ஆனால் கொழும்பின் காலி வீதியில் மழைக்குப் பிரேக் பிடிக்கும்போது அந்தப் பெரிய கட்டைகளுக்குத் தாரோடு ஒட்டுகிற இடம் குறைவு. கிழமையில் ஆறு நாள் கொழும்புக்குள் ஓடுகிற வாகனத்துக்கு, சேற்றுக்கும் தாருக்கும் பொதுவான ஏ.டி. டயரே போதும் என்பது என் அபிப்பிராயம்.

எஞ்சினுக்குத் தெரியும் டயர் மாறியது

சின்ன வயதில் அப்பாவின் 28 அங்குலச் சைக்கிளைக் குரங்குப் பெடல் போட்டு ஓடியவர்களுக்கு இது உடனே விளங்கும். நம் சின்னச் சைக்கிள் ஒரு மிதியில் கிளம்பிவிடும். அப்பாவின் சைக்கிள் கிளம்பக் கஷ்டம், கிளம்பிவிட்டால் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும். சில்லுப் பெரிதானால் ஒரு சுற்றில் கடக்கும் தூரமும் கூடுகிறது. அதற்கான விலையைக் காலில் கொடுக்கிறோம்.

ஜீப்பிலும் இதுவே. எஞ்சின் அச்சை முறுக்குகிறது. அந்த முறுக்கு விசை தரையைத் தள்ளும் தள்ளலாக மாறுவது டயரின் ஆரத்தால் வகுபட்டுத்தான். ஆரம் கூடினால் தள்ளல் குறையும். 693இலிருந்து 733க்குப் போனால் தள்ளலில் ஏறக்குறைய 5.5 வீதம் போய்விடுகிறது. பெரிய டீசல் எஞ்சினுக்கு இது கொசுக்கடி. 1.5 லீற்றர் எஞ்சினோடு நாலு பேரையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு ஹப்புத்தளை ஏறினால் கியரை ஒன்று குறைக்கச் சொல்லும். டயரின் பாரமும் சேர்கிறது. ஆட்டுக்கல்லை நினைத்துப் பாருங்கள்: சுழற்றத் தொடங்குவதும் கஷ்டம், சுழல்வதை நிறுத்துவதும் கஷ்டம். ஆகவே பிரேக்குக்கும் வேலை கூடுகிறது.

இழந்ததைத் திருப்பி வாங்க ஒரு வழி உண்டு. டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பற்சில்லுகளை மாற்றி, அச்சு ஒரு தடவை சுற்ற எஞ்சின் இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சுற்றும்படி செய்யலாம். வேலையும் செலவும் பெரியவை. அரை அங்குலம், ஓர் அங்குலம் டயர் கூட்டுகிறவர்களுக்கு அது தேவைப்படாது.

இன்னொன்று வேகமானி. ஜீப்புக்குத் தான் போன தூரம் தெரியாது; சில்லுச் சுற்றிய எண்ணிக்கைதான் தெரியும். பழைய டயரின் சுற்றளவை மனதில் வைத்துக்கொண்டே அது பெருக்கிச் சொல்கிறது. முள் 100இல் நிற்கும்போது வாகனம் அந்தப் பழைய கணக்கைவிட 6 வீதம் வேகமாகப் போகிறது. கம்பனியிலிருந்து வரும் வேகமானிகள் பொதுவாகக் கொஞ்சம் கூட்டியே காட்டும் என்பதால் முழு 6உம் பிழையாகத் தெரியாமல் போகலாம். ஆனால் 100தான் எல்லை என்ற அதிவேகப் பாதையில், அந்தப் பாதுகாப்பு இடைவெளி போய்விட்டது என்று தெரிந்து ஓடுவது நல்லது. தூரமும் குறைத்தே பதிவாகும். "டயர் மாற்றிய பிறகு பெற்றோல் குடிக்குது" என்று புலம்புகிறவர்களின் புலம்பலில் ஒரு பகுதி இந்தக் கணக்குப் பிழைதான்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்து வைத்துக்கொள்வோம். அச்சை உயர்த்துவது டயர், உடம்பை உயர்த்துவது ஸ்பிரிங். டயர் கூட்டிய உயரத்துக்கு எஞ்சினும் பிரேக்கும் வேகமானியும் கொஞ்சம் கொஞ்சம் கட்டுகின்றன.

ஏணையைப் பார்த்தால் சஸ்பென்ஷன் விளங்கும்

ஸ்பிரிங்கில் தொங்கும் குழந்தை ஏணையை எல்லா வீட்டிலும் பார்த்திருப்போம். குழந்தையைக் கிடத்தியதும் ஏணை ஓரளவு கீழே இறங்கி ஓரிடத்தில் நிற்கிறது. குழந்தை வளர வளர நிற்கும் இடமும் தாழ்கிறது. இழுத்துவிட்டால் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும், அம்மா கையை வைக்கும்வரை.

ஜீப்பின் ஸ்பிரிங், ஏணையின் ஸ்பிரிங். பாரத்தைத் தாங்குவதும் வாகனம் எந்த உயரத்தில் நிற்கும் என்று தீர்மானிப்பதும் அது. அம்மாவின் கைதான் ஷொக் அப்சோபர். சைக்கிள் பம்பின் வாயை விரலால் பாதி மூடிக்கொண்டு அழுத்தினால் எப்படித் தடுக்கும்? ஷொக்கும் அப்படியே: உள்ளே எண்ணெய் சின்னத் துவாரங்கள் வழியாக நெருக்கிப் போகிறது, ஆட்டத்தின் சக்தி சூடாக மாறுகிறது. கல்லு ரோட்டில் நெடுநேரம் ஓடிவிட்டு ஷொக்கைத் தொட்டால் கை சுடும். பெயர் என்னவோ அதிர்ச்சியைத் தாங்குவது போல இருக்கிறது. அதிர்ச்சியை வாங்குவது ஸ்பிரிங். ஷொக் ஆட்டத்தை அடக்குகிறது. சாதாரண ஷொக்கால் வாகனத்தின் நிற்கும் உயரத்தை மாற்ற முடியாது. "ஷொக் மாத்தி உயர்த்தித் தாறன்" என்று யாராவது சொன்னால் கூடவே ஸ்பிரிங்கும் மாறுகிறதா என்று கேளுங்கள்.

இன்னும் ஒரு சொல் தேவை: பயணம். சில்லு தான் நிற்கும் இடத்திலிருந்து மேலே எவ்வளவு ஏறலாம், கீழே எவ்வளவு இறங்கலாம் என்ற மொத்த அளவு. குழியில் இறங்கும் சில்லு தரையைத் தொட்டுக்கொண்டே இருக்கக் கீழ்ப்பயணம் வேண்டும். அந்தரத்தில் நிற்கும் சில்லு சும்மா சுழலும், தள்ளாது.

இனி லிஃப்ட் வகைகளுக்கு வரலாம். ஒழுங்கான முறை, நீளமான ஸ்பிரிங்கும் அதற்கேற்ற நீளமான ஷொக்கும் சேர்த்துப் போடுவது. மலிவான முறை, இருக்கிற ஸ்பிரிங்குக்கு மேல் ஒரு ரப்பர் அல்லது அலுமினியத் துண்டை வைப்பது. ஓர் அங்குலத்துக்கு உட்பட்டால் பலருக்குப் போதும். ஆனால் பழைய ஷொக்கையே விட்டுவிட்டால் ஸ்பிரிங் விரிவதற்கு முன் ஷொக் விரிந்து முடிந்துவிடும். குழியில் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். மூன்றாவது, பொடி லிஃப்ட்: சட்டத்துக்கும் கூட்டுக்கும் நடுவே கட்டை வைத்துக் கூட்டை மட்டும் தூக்குவது. டயருக்கு இடம் கிடைக்கும். அச்சு, சட்டம் ஒன்றும் அசையாது.

நாலாவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் அதிகம் நடக்கும் கூத்து இதுதான். 90களின் பஜேரோவில் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் கிடையாது. நீளமான உருக்குத் தண்டு ஒன்று, ஈரத்துணியைப் பிழிவது போல முறுகி, அந்த முறுக்கின் எதிர்ப்பால் பாரத்தைத் தாங்குகிறது. முறுக்குத் தண்டு எனலாம். அதன் முனையில் ஒரு போல்ட் இருக்கும். திருகினால் முன்பக்கம் உயரும். ஸ்பானர் ஒன்று போதும், புதுச் சாமான் எதுவும் வேண்டாம். ஒரு கராஜில் பாஸ் (மெக்கானிக்) ஒருவர் இப்படித் திருகிக் கொடுத்த பஜேரோவில் நான் ஏறியிருக்கிறேன். எங்கள் ஒழுங்கையின் வேகத்தடையைத் தாண்டி இறங்கும் ஒவ்வொரு தடவையும் முன்னால் சுத்தியலால் அடித்த மாதிரி ஒரு அடி.

என்ன நடந்தது? நுனிக்காலில் நின்று பாருங்கள். உயரமாகிவிட்டீர்கள்தான். இப்போது ஒரு படி கீழே இறங்க வேண்டுமென்றால் கால் நீள இடமில்லை, ஏற்கெனவே நீட்டி முடித்தாயிற்று. போல்ட்டைத் திருகுவது தண்டைத் தடிப்பாக்கவில்லை, பயணத்தைக் கூட்டவும் இல்லை. கீழ்ப்பயணத்தில் இருந்ததை எடுத்து மேல்ப்பயணத்துக்குக் கொடுத்தது, அவ்வளவே. சில்லு கொஞ்சம் இறங்கியதும் தடுப்பில் இடித்தது, அதுதான் அந்தச் சத்தம். கூடவே சில்லுக்குச் சுழற்சியைக் கொண்டு போகும் மடங்கும் மூட்டு, சி.வி. ஜொயின்ட் என்பார்கள், எப்போதும் மடங்கிய கோணத்திலேயே சுழன்று அதன் ரப்பர் உறை சீக்கிரம் கிழியும். இருபது முப்பது வருடப் பழைய தண்டு தளர்ந்து முன்பக்கம் பதிந்திருந்தால், பழைய உயரத்துக்குக் கொண்டு வர அந்தப் போல்ட் உதவும். அதற்குத்தான் அது இருக்கிறது.

உயர்ந்த பிறகு ஏன் ஸ்டியரிங் அலைகிறது

சைக்கிளின் முன் கவட்டையைப் பக்கத்தில் நின்று பாருங்கள். நேர் செங்குத்தாக இருக்காது. தலைப்பக்கம் ஓட்டுகிறவரை நோக்கிச் சாய்ந்திருக்கும். கையை விட்டு ஓடினாலும் சில்லு நேராகவே போகப் பார்ப்பதில் அந்தச் சாய்வுக்குப் பங்கு உண்டு. வாகனத்தின் முன் சில்லுகளுக்கும் இதே சாய்வு இருக்கிறது. பெயர் கஸ்டர். வளைவில் திரும்பி முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வருகிறதே, அதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஜிம்னியில் முன் அச்சை இரண்டு நீண்ட கைகள் பிடித்திருக்கின்றன. அவற்றின் மறுமுனை அச்சுக்குப் பின்னால் சட்டத்தில் பொருந்தியிருக்கிறது. சட்டம் உயர்ந்தால் அந்த முனை மேலே போகும், கைகள் சாயும், அவற்றோடு அச்சும் கொஞ்சம் முன்னோக்கி உருளும். கஸ்டர் குறைந்துவிடும். நண்பனின் ஜிம்னியும் லிஃப்டுக்குப் பிறகு 80இல் இலேசாக அலைந்தது. அவன் டயரைக் குற்றம் சொன்னான். துவாரம் நடுவிலிருந்து விலகிய புஷ் (கை பொருந்தும் இடத்தில் போடும் உறை) இரண்டைப் போட்டுச் சாய்வைத் திருத்தியதும் நேராகிவிட்டது. லிஃப்ட் போட்டவுடன் சில்லுச் சீரமைப்புப் பார்க்காமல் தூரப் பயணம் போவது சரியில்லை.

அடுத்தது உயரமே தரும் ஆபத்து. ஆடிவேல் தேர் காலி வீதியில் எவ்வளவு மெதுவாக வருகிறது! உயரம் கூட, அடி அகலம் அதே அளவு. வேகமாகத் திருப்பினால் என்ன ஆகும் என்று இழுப்பவர்களுக்குத் தெரியும். அந்த ஜிம்னியின் இடது, வலது சில்லுகளுக்கு நடுவே சுமார் 1.4 மீற்றர்தான். லிஃப்டும் டயருமாகச் சேர்ந்து 7 சென்ரிமீற்றர் மேலே போனபோது அகலம் அப்படியே இருந்தது. அதற்கு மேல் கூரையில் ஒரு இரும்புக் கூடை வைத்து ஜெரிக்கான் கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அதிவேகப் பாதையில் திடீரென ஒரு நாய் குறுக்கே வந்தால் இந்த வாகனம் முன்பு போலத் திரும்பாது.

இடிக்கிறதா என்று பார்ப்பது

கடையில் மாட்டி, நேராக நிறுத்தி வைத்துப் பார்த்தால் எல்லா டயரும் பொருந்தும். ஒரு முன் சில்லை மேடான கட்டையில் ஏற்றிவிட்டு, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள். எங்கே உரசும் என்பது அப்போதுதான் தெரியும். 235இல் நண்பனுக்கு உரசியது பம்பரின் கீழ் மூலையும், முன் அச்சைப் பிடிக்கும் அந்தக் கையும். மூலையை வெட்டினார்கள், ஸ்டியரிங் ஒடியும் எல்லையைக் கொஞ்சம் குறைத்தார்கள். இப்போது யூ வளைவு எடுக்க ஒரு தடவை பின்னால் வர வேண்டியிருக்கிறது.

ஸ்பெயார் சில்லை மறந்துவிடுகிறார்கள். நாலும் ஒரே அளவாய் இருக்க, ஐந்தாவது பழைய சின்னதாக இருந்தால், எஞ்சின் நாலு சில்லையும் சுழற்றும் நிலையில் அதை மாட்டி ஓடக்கூடாது. ஒரு சில்லு மற்றதைவிட அதிகம் சுற்றும். அந்த வித்தியாசம் போக இடமில்லாமல் பற்சில்லுகளுக்குள் இறுகும். அப்புறம் காப்புறுதி: மாற்றியதை அவர்களுக்கு முன்பே எழுத்தில் சொல்லி வையுங்கள், மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்திலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

காற்று

இவ்வளவுக்கும் முன்னால் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது, செலவு அநேகமாக இல்லை. மணலில் டயர் புதைவது உயரம் போதாததால் அல்ல, பாரம் சின்ன இடத்தில் அழுத்துவதால். காற்றைக் குறைத்தால் டயர் தட்டையாகி, தரையைத் தொடும் இடம் முன்பின்னாக நீளும். பாரம் பரவும். கல்லிலும் உதவும்: மெத்தென்ற ரப்பர் கல்லைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும், துள்ளாது.

லிஃப்ட் போடுவதற்கு முந்திய வருடம் அதே ஜிம்னியில், கம்பனி டயரோடு, கற்பிட்டிக் கடற்கரையில் புதைந்தோம். அரை மணித்தியாலம் கையால் மணல் தோண்டினோம். பிறகு ஒரு மீன்பிடிக்காரர் வந்து பார்த்துவிட்டு, "காத்தைத் திறந்து விடுங்கோ தம்பி" என்றார். 26 பி.எஸ்.ஐ.யிலிருந்து 15க்கு இறக்கினோம். முதல் கியரில் மெதுவாக விட்டதும் எதுவும் நடக்காதது போல ஏறி வந்தது.

அந்தக் காற்றோடு தார் ரோட்டில் வேகமாக ஓடக்கூடாது. பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறி டயர் வெடிக்கலாம், வளைவில் ரிம்மிலிருந்து கழரவும் கூடும். எங்களிடம் இருந்தது பற்றரியில் கொழுவும் சின்னப் பம்ப். மணல் முடிந்த இடத்திலேயே, ஒரு தேத்தண்ணிக் கடையோரம் நிறுத்தி, நாலு டயருக்கும் திரும்ப 26 ஏற்றினோம். ஆளுக்கு இரண்டு பிளேன்ரீ முடிந்திருந்தது, நாலாவது டயர் இன்னும் 22இல் நின்றது.